கார்ட்டூன் பட்டறை சோறு போடுமா?

2025 ஜனவரியில் 'ராமாயணா: தி லெஜெண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற கார்ட்டூன் படம் புதுப்பிக்கப்பட்டு, தமிழிலும் திரைக்கு வந்தது. நம் சங்கத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து போய்ப் பார்த்தோம். பிள்ளைகள் கும்பகர்ணன் வந்ததும் கைதட்டினார்கள். பெரியவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். படம் முடிந்து வெளியே வந்த பிறகுதான் சண்டை ஆரம்பமாயிற்று.

"இவ்வளவு அழகாக ஜப்பான்காரன் எடுக்கிறான். நம்மால் ஏன் முடியவில்லை?" என்று செம்பூர் நண்பர் ஒருவர் கேட்டார். அவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மூன்று இயக்குநர்களில் ஒருவரான ராம் மோகன் நம் நாட்டவர், அவர் தொழில் கற்றதே இதே பம்பாயில் பெடர் ரோட்டு பிலிம்ஸ் டிவிஷனில்தான் என்றேன். "அப்படியானால் அந்தப் பட்டறை என்ன ஆயிற்று? அரசாங்கம் கவனிக்காமல் விட்டுவிட்டது, வேறென்ன!" என்றார் அவர். அந்தேரியில் கிராபிக்ஸ் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் இளைஞர் விடவில்லை. "அங்கிள், அரசாங்கம் நடத்தும் ஸ்டூடியோ எப்படியும் மூடத்தான் செய்யும். மார்க்கெட்தான் தீர்மானிக்க வேண்டும்" என்றார். அன்று தொடங்கிய வாதம், நூலக அறையில் பல ஞாயிற்றுக்கிழமைகள் நீண்டது.

அப்படி ஒரு ஞாயிறன்று, தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர். "அண்ணாச்சி, இவ்வளவு நேரமா பேசுதீயளே, எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மவ பிளஸ் டூ முடிக்கப் போறா. அனிமேசன்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. வட்டிக்கு வாங்கித்தான் கட்டணும். அது சோறு போடுமா?" என்றார்.

அவருக்கு அங்கேயே பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. விசாரித்து எழுதுகிறேன் என்றேன். அதுதான் இக்கட்டுரை. நான் சினிமாக்காரன் அல்ல. டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணியில் தலை நரைத்தவன். ஆனால் ஒரு பட்டறை எப்படி வாழ்கிறது, எப்படி நொடிக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். கார்ட்டூன் ஸ்டூடியோவும் ஒரு பட்டறைதான்.

ஒரு சிறு கணக்கு

சினிமாப் படம் ஒரு விநாடிக்கு 24 கட்டங்கள் வீதம் ஓடுகிறது. ஒரே ஓவியத்தை இரண்டு கட்டங்களுக்கு வைத்துப் படம் பிடித்தாலும் கண்ணுக்குக் குறை தெரியாது. அப்படிப் பார்த்தால் விநாடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். பத்து நிமிடப் படத்துக்கு 7,200 ஓவியங்கள். ஒருவர் நாளொன்றுக்கு இருபது வரைகிறார் என்று வைத்துக்கொண்டால் 360 வேலை நாட்கள். இது வரைவதற்கு மட்டும். பின்னணி தீட்டவும், வண்ணம் பூசவும், ஒவ்வொன்றாகக் காமிராவின் கீழ் வைத்து எடுக்கவும் தனித்தனியே ஆட்கள் வேண்டும்.

அந்த ராமாயணப் படம் 135 நிமிடம். அதே கணக்கைப் போட்டால் 97,200 வருகிறது. படத்துக்குக் கையால் வரைந்த தாள்கள் சுமார் ஒரு லட்சம், உழைத்த கலைஞர்கள் சுமார் 450 பேர் என்று சொல்வார்கள். என் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போவதில் எனக்கு ஒரு திருப்தி.

வேலையைப் பிரிக்கும் முறையும் நம் ஒர்க்ஷாப் போலத்தான். அனுமார் கையை ஓங்குகிறார் என்றால், கை கீழே இருக்கும் நிலையையும் மேலே போன நிலையையும் மூத்த கலைஞர் வரைவார். இடையில் உள்ள நிலைகளை இளையவர்கள் வரைந்து நிரப்புவார்கள். அந்த இளையவர் நாலைந்து வருடம் இப்படி நிரப்பி நிரப்பியே மூத்தவராகிறார். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. இன்று கம்ப்யூட்டர் வந்து காகிதமும் வண்ணக் கிண்ணமும் போய்விட்டன. ஆனாலும் ஓர் உருவம் நடக்கும்போது உடல் பாரம் எந்தக் காலில் விழுகிறது என்று அறிந்த கண் வேண்டும். அது பழகித்தான் வரும்.

ஆகவே கார்ட்டூன் ஸ்டூடியோவின் முதல் என்பது கட்டடமோ இயந்திரமோ அல்ல. பழகிய கைகள்தான். அந்தக் கைகளுக்கு இடைவிடாமல் வேலை இருந்தால் பட்டறை வளரும். இரண்டு வருடம் வேலை இல்லாமல் போனால் கைகள் வேறு இடம் தேடிப் போய்விடும். பிறகு எத்தனை கோடி கொட்டினாலும் உடனே திரும்பாது.

பெடர் ரோட்டில் நடந்தது

பிலிம்ஸ் டிவிஷன் 1948-ல் மத்திய அரசால் ஏற்படுத்தப்பட்டது. அதில் கார்ட்டூன் பிரிவு 1956-ல் தொடங்கியது. பயிற்சி கொடுக்க அமெரிக்கத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தின் கீழ் வந்தவர் கிளேர் வீக்ஸ். வால்ட் டிஸ்னியிடம் பல வருடங்கள் வேலை பார்த்தவர். 'பாம்பி', 'பீட்டர் பான்' போன்ற படங்களில் உழைத்தவர். பாதிரிமார் குடும்பத்தில் இந்தியாவிலேயே பிறந்தவர் என்பது கூடுதல் பொருத்தம். அவர் வழிகாட்டலில் 1957-ல் வெளிவந்த படம் 'தி பன்யன் டீர்'. புத்த ஜாதகக் கதையில் வரும் மானின் கதை.

அந்த முதல் அணியில் சேர்ந்தவர்தான் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, மேற்கொண்டு ரசாயனம் படித்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டு 1956-ல் இங்கே வந்தார். அந்தக் காலத்தில் அவர் வீட்டிலும் "இது சோறு போடுமா?" என்று கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். பின்னாளில் அதே மனிதருக்கு 2014-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2019-ல் காலமானார்.

அந்தப் பிரிவில் ஜி.கே.கோகலே, வி.ஜி.சாமந்த், பிரமோத் பதி என்று பலர் இருந்தார்கள். பிரமோத் பதி செக்கோஸ்லோவாக்கியா சென்று பொம்மைப் பட மேதை யிர்ஜி திரன்காவிடம் பயின்றவர். பின்னணி ஓவியராக 1961-ல் சேர்ந்த பீம்சேன் பிறகு தனியே போய் எடுத்த 'தி கிளைம்ப்' என்ற படம் சிகாகோவில் பரிசு பெற்றது. 1974-ல் வந்த 'ஏக் அனேக் அவுர் ஏக்தா' பலருக்கு நினைவிருக்கும். பறவைகள் எல்லாம் சேர்ந்து வலையோடு பறக்குமே, தூர்தர்ஷனில் எத்தனை முறை பார்த்தோம்! கல்வித் தொழில்நுட்ப மையத்துக்காக விஜயா முலே உருவாக்க, ஓவியத்துக்கு உயிர் கொடுத்தவர் பீம்சேன். அதில் பாடிய குழந்தைக் குரல் சாதனா சர்கம். அந்தக் குழந்தைதான் வளர்ந்து 'அழகி' படப் பாட்டுக்காகத் தேசிய விருது வாங்கியது.

பட்டறை செழித்ததற்குக் காரணம் என்ன? திறமை மட்டும் அல்ல. அந்நாளில் திரையரங்குகள் ஒவ்வொரு காட்சியிலும் அரசு அங்கீகரித்த குறும்படம் காட்டியாக வேண்டும். அதற்குப் பணமும் கட்ட வேண்டும். உரிமத்தின் நிபந்தனை அது. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் அரோரா தியேட்டருக்குத் தமிழ்ப்படம் பார்க்கப் போனால், முதலில் இவர்கள் படம்தான் ஓடும். பெரியவர்கள் அதற்குள் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். நாங்கள் சிறுவர்கள், கார்ட்டூன் வரும் வாரமாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆக, வேலையும் நிச்சயம், பார்ப்பவர்களும் நிச்சயம்.

நம் மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப் 1915 முதல் நடக்கிறதே, எப்படி? ஒவ்வொரு பெட்டியும் குறிப்பிட்ட காலத்தில் பெரிய பராமரிப்புக்கு வந்தே ஆக வேண்டும். பெட்டி வருவது நிற்காது. ஆகவே ஃபிட்டருக்கு வேலை நிற்காது. அப்ரெண்டிஸ் பையனும் பார்த்துப் பார்த்துப் பழகுவான். அதே ஏற்பாடுதான் பெடர் ரோட்டிலும் இருந்தது.

ஆனால் அரசுப் பட்டறைக்கு ஒரு குறையும் உண்டு. என்ன படம் எடுக்க வேண்டும் என்பதை இலாகா தீர்மானிக்கும். குடும்பக் கட்டுப்பாடு, சிறுசேமிப்பு, ஒற்றுமை. நல்ல விஷயங்கள்தான். ஆனால் பிள்ளைகள் மறுவாரமும் தேடி வரும்படியான ஒரு கதாபாத்திரம் அங்கிருந்து பிறக்கவில்லை. விளம்பரப் படங்களில் கூடுதல் வருமானம் இருந்தது. 1960-களின் இறுதியிலேயே ராம் மோகன் வெளியேறினார். 1972-ல் சொந்த நிறுவனம் தொடங்கினார். தொலைக்காட்சி வந்த பிறகு தியேட்டர் குறும்படத்துக்கு இருந்த மதிப்பும் போயிற்று.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை, பிலிம்ஸ் டிவிஷன் உள்ளிட்ட நான்கு திரைப்பட அமைப்புகளைத் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்க முடிவெடுத்தது. 2022-ல் பொறுப்புகள் மாற்றப்பட்டன. ஒரே வேலையைப் பலர் செய்வது வீண் என்பது அரசின் வாதம். எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் மக்கள் சொத்து, வியாபார நோக்குள்ள கழகத்திடம் அது பத்திரமாக இருக்குமா என்பது எதிர்த்துக் கையெழுத்திட்ட திரைப்படக் கலைஞர்களின் கவலை. இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் கார்ட்டூன் பிரிவைப் பொறுத்தவரை, அதன் கைகள் இணைப்புக்கு வெகு காலம் முன்பே கலையத் தொடங்கிவிட்டன.

மார்க்கெட்டின் கதை

அந்தேரி இளைஞருக்கும் ஒரு வார்த்தை. மார்க்கெட்டும் கருணைக் கடல் அல்ல.

நம் சென்னையிலேயே பென்டாமீடியா கிராபிக்ஸ் இருந்தது. 2000-ல் 'பாண்டவாஸ்' என்ற கம்ப்யூட்டர் கார்ட்டூன் படம் எடுத்துத் தேசிய விருது வாங்கியது. நடிகரின் உடலசைவைக் கருவி மூலம் பதிந்து உருவாக்கும் முறையில் அதே வருடம் வந்த 'சிந்துபாத்' படமும் அதன் வேலைதான். அதன் பங்கு விலை வானத்துக்கு ஏறியது. 2001-ல் பங்குச் சந்தை சரிந்தபோது அதோடு விழுந்தது. பழைய நிலைக்கு எழவே இல்லை.

அமெரிக்காவில் ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற நிறுவனம். மும்பையிலும் ஹைதராபாத்திலும் கிளை வைத்திருந்தது. பாண்டிச்சேரிப் பையன் ஒருவன் புலியோடு படகில் தத்தளிக்கும் 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கியவர்கள் அவர்கள். 2013 பிப்ரவரியில் அந்தப் புலிக்காக ஆஸ்கர் வாங்கினார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்புதான் திவால் மனு கொடுத்திருந்தார்கள். மேடையில் விருது ஏந்தி நிற்க, அரங்குக்கு வெளியே தொழில்நுட்பக் கலைஞர்கள் அட்டை பிடித்துப் போராடிக்கொண்டிருந்தார்கள். திறமைக்கு என்ன குறை? பேசிய தொகைக்கு வேலை. இயக்குநர் திருத்தம் சொன்னால் மறுபடி செய்து கொடுக்க வேண்டும். படம் கோடி கோடியாக வசூலித்தாலும் அதில் பங்கு கிடையாது.

இந்த இடத்தைத் தாராவி நண்பரிடம் விளக்க நான் சிரமப்படவே இல்லை. "ஜாப் ஒர்க்குன்னு சொல்லுங்க அண்ணாச்சி!" என்றார். அவர் தைக்கும் பை, வேறொருவர் பெயர் அச்சிட்ட துணியுறையில் போய்ப் பெரிய கடைக் கண்ணாடிக்குள் உட்காருகிறது. அங்கே அதன் விலையைப் பார்த்துவிட்டு ஒருநாள் முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார். தோல் அவர் கையில், தையல் அவர் கையில், பெயர் மட்டும் அவர் கையில் இல்லை. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது இதுதான்.

சொந்தச் சரக்கு வைத்திருப்பவர்கள் நிலை வேறு. ஹைதராபாத் கிரீன் கோல்ட் நிறுவனம் 2001-ல் தொடங்கியது. 2008-ல் 'சோட்டா பீம்' வந்த பிறகு அதை யாரும் அசைக்க முடியவில்லை. லட்டு தின்னும் அந்தப் பையன் அவர்களுடைய சொத்து. தொடராக, படமாக, புத்தகப் பையாக, தண்ணீர் பாட்டிலாக அவன் சம்பாதித்துக் கொடுக்கிறான். 2025 ஜூலையில் வந்த 'மகாவதார் நரசிம்மா' எந்தப் பெரிய நடிகரும் இல்லாமல் பல மொழிகளில் வசூலைக் குவித்ததையும் பார்த்தோம்.

ஆனால் சொந்தச் சரக்கும் தனியே போதாது. ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ 1985-ல் தொடங்கியது. உலகப் புகழ் பெற்றது. மேதை மியாசாகிக்குப் பின் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல் 2023-ல் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் கீழ் போனது. அடுத்த தலைமுறைக் கைகளைத் தயார் செய்யாத பட்டறைக்கு, எவ்வளவு பெரியதானாலும், அந்த நாள் வரும்.

ராமாயணப் படத்துக்கு நேர்ந்ததும் ஒரு பாடம். யூகோ சாக்கோ என்ற ஜப்பானியர் இந்தியாவில் ஓர் அகழாய்வு பற்றி ஆவணப்படம் எடுக்க வந்து, ராமாயணத்தில் மனம் பறிகொடுத்துப் பத்து வருடம் உழைத்தார். படம் 1993 ஜனவரியில் டெல்லித் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அந்தக் குளிர்காலத்தில் பம்பாய் எப்படி இருந்தது என்று தாராவி, மாட்டுங்கா வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூழலில் படத்துக்குப் பரவலான திரையீடு கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் கழித்துத்தான் நாம் நல்ல திரையில் பார்த்தோம். நல்ல சரக்கு செய்தால் மட்டும் போதாது. சந்தைக்குப் போகும் வழியும் திறந்திருக்க வேண்டும்.

ஆகவே வாதத்துக்கு என் தீர்ப்பு இது. செம்பூர் நண்பர் சொல்வதும் பாதி சரி, அந்தேரி இளைஞர் சொல்வதும் பாதி சரி. நிற்காத வேலை, சொந்தச் சரக்கு, பழக்கிவிடும் மூத்தவர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்தால் பட்டறை நிற்கும். பெடர் ரோட்டில் முதலாவதும் மூன்றாவதும் இருந்தன, இரண்டாவது இல்லை. கூலி ஸ்டூடியோக்களில் பல இடங்களில் முதலாவதும் நிச்சயமில்லை.

படிக்க வைக்கும் பெற்றோருக்கு

நம் பிள்ளைகளை இதில் விடலாமா? விடலாம். ஆனால் நான்கு விஷயங்களைக் கவனித்து.

ஒன்று: முதலில் ஓவியம். மென்பொருளை மட்டும் சொல்லிக் கொடுத்து லட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்கள் நம் நகரில் தெருவுக்கு ஒன்று உண்டு. மென்பொருள் சில வருடங்களில் மாறிவிடும். வரையும் கை மாறாது. இப்போது சொல்லுக்குப் படம் போடும் கம்ப்யூட்டர் நிரல்களும் வந்துவிட்டன. இடைநிலை ஓவியங்களை நிரப்பும் வேலைக்குத்தான் அதனால் முதல் ஆபத்து. கதையும் அசைவும் அறிந்தவருக்கு ஆபத்து குறைவு.

இரண்டு: கடனுக்கு முன் நுழைவுத் தேர்வு. ஜே.ஜே. கலைக் கல்லூரிக்கு மகாராஷ்டிர அரசின் தேர்வு உண்டு. பவாய் ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பட்டத்துக்கு 'யூசீட்' தேர்வு. அகமதாபாத் என்.ஐ.டி.க்குத் தனித் தேர்வு. பிளஸ் டூ எந்தப் பிரிவானாலும் எழுதலாம்.

மூன்று: சேரும் முன் அங்கே படித்து வெளியே வந்த இரண்டு பேரையாவது நேரில் பார்த்துப் பேசுங்கள். விளம்பரத்தில் இருக்கும் சம்பளத்தை நம்ப வேண்டாம்.

நான்கு: வேலையில் சேர்ந்த பிறகும் சொந்தக் கதை ஒன்றைப் பிள்ளை கைவிடாமல் இருக்கட்டும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2025 ஜூலையில் மத்திய அரசின் படைப்புத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனம் ஒன்று மும்பையில் தொடங்கப்பட்டது. அனிமேஷனும் அதில் ஒரு பாடம். முதல் வளாகம் எங்கே தெரியுமா? அதே பெடர் ரோட்டில், பிலிம்ஸ் டிவிஷன் இருந்த இடத்தில். அங்கேயுள்ள இந்திய சினிமா தேசிய அருங்காட்சியகம் 2019-ல் திறக்கப்பட்டது. ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போய்வரலாம்.

தாராவி நண்பரிடம் இவ்வளவையும் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டார். மறுவாரம் மகளையும் அழைத்து வந்தார். அந்தப் பெண் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். ஓரத்தில் விரலை வைத்துப் பக்கங்களைச் சரசரவென்று விட்டால், இரண்டு கைகள் தோலில் ஊசி குத்தி நூலை இழுக்கின்றன. அவள் அப்பாவின் கைகள்தான். கட்டைவிரல் தழும்பு உட்பட.

நண்பர் அதை வாங்கி இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார். "நாலாவது குத்து தள்ளி விழுந்திருக்கு" என்றார். மகள், "சரி பண்ணிடுதேன்ப்பா" என்றாள்.

யூசீட் தேர்வுக்குக் கட்டணம் கட்டிவிட்டார்கள். முடிவு வந்ததும் வாசகர்களுக்குத் தெரிவிக்கிறேன்.